நாற்பத்தொன்றாம் நம்பர்

தீர்ப்பு வந்துவிட்டால் வழக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் ஒரு வாரம் என் கடையில் வந்து உட்கார வேண்டும். நாற்காலி நான் போடுகிறேன், டீயும் வாங்கித் தருகிறேன். திருச்சி கன்டோன்மென்ட்டில் கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் டைப்பிங், ஜெராக்ஸ் என்று போர்டு போட்ட கடை என்னுடையது. பெயர் பீமராவ். அடுத்தவர் வயிற்றெரிச்சலைப் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தட்டச்சு செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஜெயித்தவர்கள் இனிப்புப் பெட்டியோடு வருவார்கள். சில மாதம் கழித்து அதே ஆட்கள் அதே தீர்ப்பின் நகலோடு வந்து, "சார், இத வச்சுக்கிட்டு இப்ப என்ன சார் பண்றது?" என்று நிற்பார்கள். அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்தது என்று டாக்டரிடமே சொல்லியிருக்கிறேன்.

அப்படி நின்றவர்களில் ஒருத்தி இருசம்மாள். அவளைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். யாரும் எழுதவில்லை. சரி, தட்டச்சு செய்கிற கை நம்முடையதுதானே என்று உட்கார்ந்துவிட்டேன். கம்பெனி பெயரை மட்டும் சொல்லமாட்டேன். சொன்னால் எனக்கும் ஒரு வக்கீல் நோட்டீஸ் வரும், அதையும் நானே டைப் அடிக்க வேண்டியிருக்கும்.

2018-இல் முதன்முதலாக என் கடைக்கு வந்தபோது அவள் இடுப்பில் ஒரு பெண்குழந்தை இருந்தது. வக்கீல் அனுபமா கையோடு அழைத்து வந்திருந்தார். அனுபமா ஸ்ரீரங்கத்துக்காரர். வேலை போனவர்களின் வழக்கை மட்டும் எடுப்பவர், அதனால் இன்றைக்கும் ஸ்கூட்டரில்தான் வருகிறார். "ராவ் சார், இந்த மனுவை இன்னிக்கே அடிச்சுக் குடுத்துடுங்கோ. இவா கேஸ்ல அநியாயம் பச்சையாத் தெரியறது" என்றார். அவர் அப்படிச் சொன்னால் எனக்கு உடனே பயம் வந்துவிடும். பச்சையாகத் தெரிகிற அநியாயத்துக்குத்தான் வாய்தா அதிகம் விழும் என்பது என் அனுபவம்.

இருசம்மாளுக்குச் சொந்த ஊர் பச்சைமலை அடிவாரம். அப்பா மரவள்ளி போடுகிறவர். பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ.க்கு வந்தாள். தையல் பிரிவில் இடம் இல்லை, வெல்டர் பிரிவில் பெண்களுக்கான இடம் காலியாகவே கிடந்தது. இரண்டு வருடம் சேலைக்கடையில் நிற்பதைவிட இது மேல் என்று சேர்ந்தாள். சேர்ந்த பிறகுதான் தன் கை நடுங்காத கை என்று அவளுக்கே தெரிந்தது. படித்து முடித்ததும் துவாக்குடிப் பக்கம் பாய்லர் குழாய் செய்கிற அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. லோடு ஆட்டோ ஓட்டும் அடைக்கலத்தைக் கல்யாணம் செய்துகொண்டு, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற சாலையை ஒட்டி ஒரு சின்ன போர்ஷனில் குடியேறினாள். காலையில் சத்திரம் பஸ் நிலையம், அங்கிருந்து துவாக்குடி பஸ். இதுதான் அவள் உலகம்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. நீராவி அழுத்தம் தாங்க வேண்டிய குழாயை யார் வேண்டுமானாலும் ஒட்டிவிட முடியாது. வெளியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து டெஸ்ட் வைப்பார். சாய்த்து நிறுத்திய குழாயைச் சுற்றி ஒட்ட வேண்டும். அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அறுத்து வளைத்துப் பார்த்து, தேறினால் அந்த ஆளுக்கு ஒரு நம்பர் கொடுப்பார்கள். அதன் பிறகு அவர் ஒட்டுகிற ஒவ்வொரு இணைப்புக்குப் பக்கத்திலும் அந்த நம்பரை இரும்பிலேயே பஞ்ச் வைத்து அடிக்க வேண்டும். என்றைக்காவது எங்கேயாவது அந்தக் குழாய் கசிந்தால் நம்பரைப் பார்த்து ஆளைத் தேடி வருவார்கள். ஆறு மாதம் ஒட்டாமல் இருந்தால் தகுதி காலாவதி, மறுபடி டெஸ்டில் தேற வேண்டும். இருசம்மாளின் நம்பர் நாற்பத்தொன்று. அந்தக் கம்பெனியில் நம்பர் வாங்கிய முதல் பெண் அவள்தான். போட்டோ எடுத்து ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள், பெண்கள் தினத்துக்குச் சால்வை போர்த்தினார்கள்.

சால்வை போர்த்திய அதே கைகள்தான் அவளை வெளியே தள்ளின. ஐந்தாம் மாதம் ஆனதும் பிரசவ விடுப்பு கேட்டு மேனேஜர் ஸ்ரீநாத்திடம் போனாள். சம்பளத்தோடு அந்த விடுப்பைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். ஸ்ரீநாத் சட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை, பாசத்தைப் பற்றிப் பேசினார்.

"புகையில நின்னா கொழந்தைக்கு ஆகாதும்மா. இப்பவே வீட்டுக்குப் போ. லெட்டரெல்லாம் எதுக்கு? பொறந்தப்பறம் வா, பாத்துக்கலாம்."

அவள் நம்பிப் போனாள். குழந்தை பிறந்து, தொட்டில் போட்டு, திரும்ப வந்தபோது கேட்டில் அவள் பெயர் இல்லை. உள்ளே விடச்சொல்லிக் கெஞ்சியதில் ஸ்ரீநாத் கேட் வரைக்கும் வந்தார். "பொம்பளைங்கள எடுத்தா இதான் தொல்லை. இன்னிக்கு ஒண்ணு, ரெண்டு வருஷத்துல இன்னொண்ணு. ஒவ்வொரு தடவையும் உனக்கு டெஸ்ட் வைக்கக் கம்பெனி பணம் கட்டணுமா?" என்றார். அதே சமயத்தில் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்த ஆண் வெல்டர் ஒருவர் ஏழெட்டு மாதம் கழித்து வந்தார். அவருக்கு மாலை போடாத குறை. டெஸ்ட் வைத்து, பழைய நம்பரையும் கொடுத்து, பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். கால் முறிந்தால் மனிதன், கருவுற்றால் தொல்லை! இதை மனுவில் டைப் அடிக்கும்போது கீபோர்டை உடைத்துவிடுவேன் போலிருந்தது.

தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். 'போட்டோம்' என்றுதான் எனக்கு வருகிறது, மன்னிக்க வேண்டும். கம்பெனித் தரப்பு வாய்தா மேல் வாய்தாவாக வாங்கியது. நடுவில் கொரோனா வந்தது அவர்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. அந்த வருடங்களில் இருசம்மாள் ஸ்ரீரங்கத்துப் பூக்கடைகளுக்குப் பூக்கட்டிக் கொடுத்துக் காலம் தள்ளினாள். முழம் கணக்கில் கூலி. ஒருநாள் கம்பெனி வக்கீல் ஒரு போட்டோவை நீட்டினார். வாசற்படியில் உட்கார்ந்து அவள் மல்லிகை கட்டுகிற படம். ஆள் வைத்து எடுத்திருக்கிறார்கள். "இவர் வேறு தொழிலில் நல்ல வருமானம் ஈட்டுகிறார், எனவே பாக்கிச் சம்பளம் கேட்க உரிமை இல்லை" என்றார். பூக்கட்டுவது நல்ல வருமானமாம். அந்த வக்கீல் வீட்டில் யாராவது ஒரு நாள் கட்டிப் பார்க்கட்டும்.

அதைவிடப் பெரிய பொய் ஸ்ரீநாத் கூண்டில் ஏறிச் சொன்னது. நாங்கள் வேலையை விட்டு நீக்கவே இல்லை, அவராகவே வராமல் நின்றுவிட்டார் என்பது அவர்கள் கட்சி. அதற்கு ஆதாரம் என்ன என்று அனுபமா கேட்டார். ஸ்ரீநாத் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"நீக்கியிருந்தா அவங்க வெல்டர் நம்பரை வேற ஆளுக்குக் கொடுத்திருப்போமே மேடம். நாற்பத்தொண்ணு இன்னிக்கும் இருசம்மாள் நம்பர்தான். யாருக்கும் கொடுக்கல, கொடுக்கவும் மாட்டோம்."

நீதிபதி அதை அப்படியே பதிவு செய்தார். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில், ஆளையே தெருவில் நிறுத்திவிட்டு நம்பரை மட்டும் பூஜையறையில் வைத்திருக்கிறார்களா என்று கடையில் கத்தினேன். அந்த வாக்கியம் பின்னால் எதற்குப் பயன்படப் போகிறது என்று எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது.

2022-இல் தீர்ப்பு வந்தது. கர்ப்பத்தைக் காரணமாக வைத்து நீக்கியது பாரபட்சம், மீண்டும் வேலை, பணித்தொடர்ச்சி, முழுப் பாக்கிச் சம்பளம். பணித்தொடர்ச்சி என்றால், நடுவில் ஒரு நாள்கூட வேலையை விட்டுப் போகாதவராக அவரைக் கருத வேண்டும் என்று பொருள். அடைக்கலம் லோடு ஆட்டோவிலேயே வந்து கடைகடையாக அல்வா கொடுத்தார். வழக்குப் போட்டபோது இடுப்பில் இருந்த யமுனா யூனிபார்ம் போட்டுக்கொண்டு நின்றாள். அனுபமா மட்டும் அல்வாவைத் தொடவில்லை.

"இருசம்மா, சந்தோஷப்பட்டுக்கோ, வேண்டாங்கலை. ஆனா இனிமேதான் கேஸே ஆரம்பம்" என்றார்.

அப்படியேதான் ஆயிற்று. கம்பெனி மதுரை ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனது. அதுவும் தள்ளுபடியான பிறகு, பணத்தையும் கொடுக்கவில்லை, வேலையும் கொடுக்கவில்லை, சும்மா இருந்தது. சும்மா இருப்பதுதான் பணக்காரனின் பெரிய ஆயுதம். பாக்கியை வசூலித்துக் கொடுக்கச் சொல்லி அரசுக்கு மனுப் போட்டோம். வருவாய்த் துறைக்கு உத்தரவு போனது. அங்கிருந்து ஆள் போனால் முதலாளி ஊரில் இல்லை. மறுபடி போனால் கணக்கர் லீவு. இன்னொரு தடவை போனால், கணக்கில் தகராறு இருக்கிறது, பூக்கட்டிய வருமானத்தைக் கழிக்க வேண்டும் என்று நாலு பக்கத்துக்கு ஒரு பதில். தீர்ப்பை மீறினால் சிறைத்தண்டனைகூட உண்டு என்று சட்டத்தில் அச்சடித்திருக்கிறது. இத்தனை வருடத்தில் அப்படி உள்ளே போன ஒரு முதலாளியை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு தேங்காய் திருடியவன் போயிருக்கிறான், பார்த்திருக்கிறேன்.

தண்டனை வழக்குப் போடப் போகிறோம் என்று அனுபமா நோட்டீஸ் விட்ட பிறகுதான் கம்பெனி அசைந்தது. பழைய பாக்கி இப்போதைக்கு இல்லை, ஆனால் மாதச் சம்பளத்துக்கு வேலைக்கு வரலாம் என்று கடிதம் வந்தது. இருசம்மாள் பழைய காக்கிச் சட்டையைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனாள். உள்ளே விட்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார்கள்.

"உக்காரு. ஆறு மாசம் ஒட்டலேன்னா தகுதி போயிடும்னு உனக்கே தெரியும். நீ எவ்வளவு வருஷமா வெல்டிங் டார்ச் பிடிக்கல? டெஸ்ட் தேதி வரட்டும், அப்பறம் உள்ள போலாம்" என்றார் ஸ்ரீநாத்.

தேதி வரவே இல்லை. கேட்டால் இன்ஸ்பெக்டருக்கு எழுதியிருக்கிறோம் என்பார்கள். எழுதவில்லை, எழுதவும் போவதில்லை. அவளே வெறுத்துப்போய் ஓடட்டும் என்பதுதான் திட்டம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த நாற்காலி. மதியத்துக்கு மேல் நேராக முகத்தில் வெய்யில். அவளோடு பேசினால் ஓவர்டைம் கிடையாது என்று உள்ளே இருக்கிற பையன்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் காதில் விழுகிற தூரத்தில் டார்ச் எரிகிறது, கிரைண்டர் ஓடுகிறது, இவள் கை மடியில் கிடக்கிறது. வாட்ச்மேன் செல்லக்கண்ணு ஒருவர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்.

"சம்பளம்தான் தர்றாங்களே, உக்காந்து வாங்கிக்கயேன்" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்களாம். ஒருநாள் கடைக்கு வந்தபோது என்னிடம் சொல்லிப் பொருமினாள். "உக்கார வச்சு சோறு போட நான் என்ன கோயில் யானையா சார்? அதுகூட தெருவுல நடக்குது. எனக்கு டார்ச் வேணும் சார். என் நம்பர் வேணும்."

கை துருப்பிடித்துவிடக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் உறையூர் போனாள். அங்கே ஸ்டீல் கைப்பிடி செய்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் சுராயா அவளோடு ஐ.டி.ஐ.யில் படித்தவள். "வாடி, வந்து ஒட்டு. கூலி கேக்காத, நானும் கேஸ் சிலிண்டருக்குக் காசு கேக்கல" என்று டார்ச்சைக் கொடுத்திருக்கிறாள். அதையும் போட்டோ எடுத்துவிடப் போகிறார்கள் என்று நான் பயந்தேன். நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை உளவுக்கு அவர்கள் சம்பளம் கொடுப்பதில்லை போலிருக்கிறது.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரம். சரக்கு ஏற்றிய லாரி ஒன்று கேட் பாஸுக்காகச் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி வந்து நின்றது. உள்ளே செய்த குழாய்கள், பெரிய பாய்லர் ஆலைக்குப் போகிறவை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் கண்ணுக்கு நேராக ஒரு குழாயின் இணைப்பு. எந்த வெல்டருக்கும் இணைப்பைப் பார்த்தால் பக்கத்தில் நம்பரைப் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தாள். நாற்பத்தொன்று.

எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தாள். அதே வரிசையில் அடுத்ததிலும் நாற்பத்தொன்று. அதற்கடுத்ததிலும். பஞ்ச் அடித்த பள்ளத்தில் இரும்பு இன்னும் பளபளவென்று இருந்தது. அன்றோ முதல் நாளோ அடித்தது.

"என்னம்மா பாக்குற?" என்று செல்லக்கண்ணு கேட்டிருக்கிறார்.

"அண்ணே, இத நான் ஒட்டுனேனாம்ணே."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் போனை எடுத்துப் படம் பிடித்தாள். மனிதர் புரியாமலேயே லாரி டிரைவரிடம், கேட் பாஸில் ஏதோ சீல் சரியில்லை என்று அவள் படம் எடுத்து முடிக்கிறவரை நிறுத்தி வைத்தார். அந்தப் புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு.

சாயங்காலம் நேராக என் கடைக்கு வந்தாள். படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொன்னாள். பிரிண்டரிலிருந்து தாள் ஒவ்வொன்றாக வர வர, அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை, கேட்டில் விரட்டியபோதோ, பூக்கட்டியதைக் கேலி செய்தபோதோ, அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"டெஸ்ட் பாஸ் பண்ணாத பசங்கள விட்டு ஒட்ட வச்சு, என் நம்பரை அடிச்சிருக்காங்க சார். அவங்களுக்கு டெஸ்டுக்குப் பணம் கட்டணுமே, அதுக்குத்தான். நான் கேட்ல உக்காந்திருக்கேன், உள்ள நான் ஒட்டிக்கிட்டு இருக்கேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பணித்தொடர்ச்சி கொடு என்று கோர்ட் சொன்னது. கொடுத்துத்தான் இருக்கிறார்கள்! ஆளுக்கு அல்ல, நம்பருக்கு. இத்தனை வருடமும் அவள் நம்பர் லீவு போடாமல், கர்ப்பமாகாமல், சம்பளம் கேட்காமல் அந்தக் கம்பெனிக்கு உழைத்திருக்கிறது. இவள் மட்டும் வேண்டாம்.

தீர்ப்பை நிறைவேற்றவில்லை என்று நாங்கள் கொடுத்திருந்த புகாரின் அடுத்த விசாரணை தொழிலாளர் துறை அதிகாரியின் அறையில். ஸ்ரீநாத் வழக்கம்போல் தகுதி காலாவதி ஆகிவிட்டது, தேதி கேட்டிருக்கிறோம் என்று ஆரம்பித்தார். அனுபமா படங்களை மேஜையில் பரப்பினார்.

"ஸ்ரீநாத் சார், நாப்பத்தொண்ணு யார் நம்பர்?"

ஸ்ரீநாத் படங்களைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"நீங்களே சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கேளே, இருசம்மாள் நம்பர்தான், யாருக்கும் கொடுக்கலை, கொடுக்கவும் மாட்டோம்னு. இதெல்லாம் போன வாரம் ஒட்டினது. இவா ஒட்டினதுன்னா தகுதி காலாவதி ஆகலை, இன்னிக்கே டார்ச்சைக் கொடுங்கோ. இவா ஒட்டலைன்னா, யார் ஒட்டினதுக்கு இவா நம்பரை அடிச்சேள்? ரெண்டுல எதுன்னு சொல்லுங்கோ, எழுதிக்கறோம்."

ஸ்ரீநாத் தண்ணீர் கேட்டார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். விசாரணை பத்து நாள் தள்ளிப்போனது. அதுவரை ஊரிலேயே இல்லாதிருந்த முதலாளி அன்று மாலையே ஊருக்கு வந்துவிட்டார்.

மறுநாள் அனுபமாவின் ஆபீஸுக்கு ஆள் அனுப்பினார். முழுப் பாக்கிச் சம்பளமும் ஒரே காசோலையாக, அதற்கு மேல் அதே அளவு இன்னொரு தொகை. பதிலுக்கு இருசம்மாள் ராஜினாமா எழுதித்தர வேண்டும், குழாய்களைப் பற்றி எங்கும் பேசக் கூடாது. வருடக்கணக்காக ஒரு ரூபாய் இல்லை என்றவர்களிடம் இரட்டிப்பாகப் பணம் இருந்திருக்கிறது பாருங்கள்.

அடைக்கலம் என் கடை வாசலில் நின்றுதான் அவளிடம் பேசினார். வீட்டில் பேசினால் குழந்தை கேட்கும் என்று. அவர் கெட்டவர் இல்லை. லோடு ஆட்டோ கடனுக்கு மூன்று தவணை நின்றிருந்தது, அவ்வளவுதான்.

"இருசு, வாங்கிட்டு வந்துடு. இத்தன வருஷம் பட்டது போதும். சுராயாகூடச் சேந்து பட்டறை போடு. அங்க போய் அந்த நாய்ங்க மூஞ்சில முழிக்கணுமா?"

"பட்டறை போடலாங்க. ஆனா அந்தக் குழாய் என்னாகும்?"

"எந்தக் குழாய்?"

"என் நம்பர் அடிச்ச குழாய். எங்கயோ ஒரு பாய்லர்ல போய் மாட்டப் போறாங்க. அந்தப் பசங்களுக்கு அடி ஒட்டு ஒழுங்கா விழாதுங்க, அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அது ஒருநாள் பிச்சுக்கிட்டா பக்கத்துல நிக்கிறவன் வெந்து போவான். அப்ப நம்பரைப் பாப்பாங்க. நாப்பத்தொண்ணு யாருன்னு தேடிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வருவாங்க. யமுனா கதவைத் தொறப்பா."

அடைக்கலம் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, ஏறு. வக்கீலம்மாகிட்ட போயிச் சொல்லிடுவோம்" என்றார்.

காசோலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் படங்களைக் குழாய் வாங்குகிற ஆலையின் பரிசோதனைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். மனுவை நான்தான் டைப் அடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் காசு வாங்கவில்லை. ஆலைக்காரர்கள் அடுத்த லோடைக் கேட்டிலேயே நிறுத்தினார்கள். நாற்பத்தொன்று அடித்த இணைப்புகளையெல்லாம் தேடிப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். பலது தேறவில்லை. அறுத்துத் தள்ளினார்கள். ஆர்டர் மொத்தமும் போய்விடும் என்ற நிலை வந்ததும், வருவாய்த் துறை கேட்டும் கொடுக்காத பாக்கிச் சம்பளம் தானாக வந்து வங்கிக் கணக்கில் விழுந்தது. வட்டி வரவில்லை. அதற்கு இன்னொரு மனு நிலுவையில் இருக்கிறது. பிரசவ விடுப்புக்கு மட்டும் முறைப்படி சம்பளம் கொடுத்திருந்தால் சில ஆயிரங்களோடு போயிருக்கும். ஸ்ரீநாத்துக்கு என்ன தண்டனை என்று கேட்பீர்கள். ஓசூர் கிளைக்கு மாற்றினார்கள், கொஞ்சம் சம்பள உயர்வோடு.

பணம் வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை முதலாளியே இருசம்மாளைக் கூப்பிட்டார். முகத்துக்கு மாட்டுகிற புது ஷீல்டு, புது கையுறை எல்லாம் மேஜைமேல் வைத்திருந்தாராம்.

"பழசையெல்லாம் மறந்துடும்மா. உன் தகுதி காலாவதி ஆகலேன்னு நாங்களே எழுதிக் கொடுத்துட்டோம். டெஸ்டெல்லாம் வேண்டாம். உன் நாற்பத்தொண்ணு உனக்குத்தான். இன்னிக்கே உள்ள போ."

எதற்காக இத்தனை வருடம் கோர்ட்டுக்கு நடந்தாளோ, அது அப்படியே தட்டில் வைத்து எதிரே வந்துவிட்டது. கையை நீட்டி வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தால் நான்கூடக் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவள் வாங்கவில்லை. அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி என் கடைக்கு வந்து, ஒரு விண்ணப்பம் டைப் அடிக்க வேண்டும் என்றாள்.

"என்னன்னு?"

"எனக்கு டெஸ்ட் வைக்கணும்னு சார். புது நம்பர் வேணும்னு. நாப்பத்தொண்ணை யாருக்கும் எப்பவும் கொடுக்கக் கூடாது, அடிக்கக் கூடாதுன்னு எழுதித் தரணும்னு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, அந்த நம்பருக்காகத்தானே இவ்வளவு நாள் சண்டை போட்டோம்? கைக்கு வந்ததும் வேண்டாங்கிறியே!"

"எனக்கும் ஆத்திரமாத்தான் சார் இருக்கு. நான் மொத மொதல்ல வாங்குன நம்பர் அது. எங்கப்பா மலையிலேருந்து எறங்கி வந்து, குழாய்ல தடவிப் பாத்துட்டுப் போனாரு. இப்ப எத்தனை ஊர்ல எத்தனை குழாய்ல அது இருக்கோ, அதுல எது நான் ஒட்டுனது, எது அவங்க அடிச்சதுன்னு எனக்கே தெரியாது. வேலையத் திருப்பி வாங்கிட்டோம், சம்பளத்தத் திருப்பி வாங்கிட்டோம். நம்பரை அழுக்கு பண்ணிட்டாங்க சார். அத யாரு திருப்பித் தருவாங்க?"

இதற்கு எந்தப் பிரிவில் மனுப் போடுவது? எந்தக் கோர்ட் இதைக் கணக்குப் போட்டு வசூலித்துக் கொடுக்கும்? ஆத்திரத்தோடு அடித்ததில் அந்த ஒரு பக்க விண்ணப்பத்தில் ஆறு பிழை. மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

வராது வராது என்று வருடக்கணக்கில் காத்திருக்க வைத்த டெஸ்ட் தேதி, அந்த வாரமே வந்தது. சாய்த்து வைத்த குழாயைச் சுற்றி ஒட்டினாள். எக்ஸ்ரேயில் ஒரு புள்ளிகூட இல்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னாராம். புது நம்பர் நூற்றுப் பன்னிரண்டு. சைக்கிள் ஸ்டாண்டு நாற்காலியில் இப்போது செல்லக்கண்ணு உட்காருகிறார்.

போன வாரம் வட்டி மனுவில் கையெழுத்துப் போட வந்திருந்தாள். யமுனாவும் கூட வந்திருந்தாள், மூன்றாம் வகுப்பு. கோபம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். நல்லது, வட்டி வருகிறவரை அது தேவைப்படும் என்றேன். கையெழுத்துக்குக் கீழே தொழில், வெல்டர் நம்பர் எல்லாம் போடச் சொன்னாள். போட்டுவிட்டு, புது நம்பர் பழகிவிட்டதா என்று கேட்டேன்.

"பழகிடுச்சு சார். இந்த நம்பர் போட்ட குழாய் ஒண்ணு கசிஞ்சா, அது நான்தான் சார். வேற யாரும் இல்ல."